மார்க் பிராட்ஃபோர்ட்: ஒட்டியதைத் தேய்த்து எடுப்பவர்

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. அமெரிக்கக் கலைஞர் மார்க் பிராட்ஃபோர்ட் தூரிகையைத் தொடுவதே அரிது, போஸ்டர் காகிதங்களை ஒட்டி மெஷின் வைத்துத் தேய்க்கிறார், இதை ஏன் ஓவியம் என்கிறார்கள், அதிலும் உருவம் எதுவும் காட்டாத அரூப ஓவியம் என்கிறார்கள், இதற்குப் போய் 1.2 கோடி டாலரா? கூடவே, அந்த மனிதர் எங்கிருந்து வந்து இந்த இடத்தைப் பிடித்தார் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதைச் சொன்னால் முதலாவதில் பாதி தானாகவே தெளிந்துவிடும், அதனால் அங்கேயே தொடங்குகிறேன்.

பிராட்ஃபோர்ட் 1961-ல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். அம்மா பெண்களுக்கு முடி அலங்காரம் செய்பவர், பிறகு லைமர்ட் பார்க் என்ற கறுப்பினத்தவர் பகுதியில் சொந்தமாக ஒரு சலூன் வைத்தார். பையன் அந்தக் கடையில்தான் வளர்ந்தான் என்று சொல்லலாம். கடைக்கு விலைப்பட்டியல் பலகை எழுதிக் கொடுப்பதில் ஆரம்பித்து, பின்னால் முறைப்படி உரிமம் வாங்கி அவரும் முடி அலங்காரக்காரராகவே ஆனார். அவரைப் பற்றி எழுதுகிற பலர் இதை ஒரு சுவாரசியமான துணுக்காகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அவருடைய கலைப்படிப்பில் பாதி அந்தக் கடையில்தான் நடந்தது. ஈரத்தோடு இருக்கிற ஒரு பொருளை எப்படிக் கையாள்வது, எந்த ரசாயனம் எதை எவ்வளவு நேரத்தில் வெளுக்கும், எப்போது நிறுத்தாவிட்டால் கெட்டுப்போகும், ஒரு வேலையைப் பொறுமையாக நூறு தடவை எப்படித் திரும்பச் செய்வது, எல்லாம் அங்கே கையில் ஏறியவை. இருபதுகளில் சலூனில் சம்பாதித்ததைச் செலவழித்துக்கொண்டு ஐரோப்பா சுற்றினார். எண்பதுகள் அது. எய்ட்ஸ் அவருடைய நட்பு வட்டத்தையே காலி செய்துகொண்டிருந்த காலம், அவர் தன்பாலின ஈர்ப்பாளர் என்பதால் அது எங்கோ நடக்கிற செய்தியாக இருக்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு சுவரில் திரும்ப வரும்.

கலைக்கல்லூரியில் சேரும்போது அவருக்கு முப்பதை ஒட்டிய வயது. முதலில் சாந்தா மோனிகா கல்லூரி, பிறகு கால்ஆர்ட்ஸ், அதாவது கலிஃபோர்னியா இன்ஸ்டிடியூட் ஆஃப் தி ஆர்ட்ஸ். 1995-ல் இளங்கலை, 1997-ல் முதுகலை. கால்ஆர்ட்ஸ் என்பது படம் வரையச் சொல்லித் தருவதைவிட யோசிக்கச் சொல்லித் தருகிற இடம், கோட்பாடு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். படித்து முடித்து என்ன செய்தார்? திரும்பவும் அம்மாவின் சலூனுக்குப் போய் முடி அலங்காரம் செய்தார். கேலரி எதுவும் வாசலில் வந்து நிற்கவில்லை.

இங்கேதான் எண்ட் பேப்பர் வருகிறது. தலைமுடியைச் சுருள வைக்கும்போது, அதாவது பெர்ம் பண்ணும்போது, முடியின் நுனியை ஒரு சின்னத் தாளில் மடித்துத்தான் உருளையில் சுற்றுவார்கள், இல்லாவிட்டால் நுனி பொசுங்கிவிடும். அந்தத் தாளுக்குத்தான் எண்ட் பேப்பர் என்று பெயர். உள்ளங்கையில் அடங்கும், நீள்சதுரம், எதிர்வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரியும் அளவுக்கு மெல்லியது, பெட்டி பெட்டியாக மலிவாகக் கிடைக்கும். ஒருநாள் வேலையின் நடுவே ஒரு தாள் கீழே விழ, குனிந்து எடுத்தவருக்கு இதை வைத்து ஏதாவது செய்யலாமே என்று தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். கேன்வாஸுக்குப் பெயின்ட் வாங்கக் காசு இல்லாத நேரத்தில் கையருகே மலிவாகக் கிடந்த பொருள் இது. தாளின் ஓரங்களைத் தீயில் லேசாகக் கருக்கினார், அப்போது ஒவ்வொரு தாளைச் சுற்றியும் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு விழுந்தது. அப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான தாள்களை வரிசை வரிசையாக, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி கேன்வாஸில் ஒட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் வெளிறிய, நடுங்குகிற ஒரு கட்டம். கலை வரலாறு படித்தவர்களுக்கு உடனே ஆக்னெஸ் மார்ட்டின் ஞாபகம் வரும், பென்சிலால் கட்டம் போட்டு அமைதியான படங்கள் செய்த அந்த அம்மாள். ஆனால் சலூனில் வேலை பார்த்த ஒரு கறுப்பினப் பெண் அதே படத்தைப் பார்த்தால் "அட, இது எண்ட் பேப்பர் ஆச்சே" என்பார். ஒரே படத்தை இரண்டு பேரும் வேறு வேறு கதவு வழியாக வந்து அடைகிறார்கள். அவருடைய மொத்த வேலையையும் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும் என்பது என் கருத்து. உருவம் எதுவும் இல்லை, கதை எதுவும் இல்லை, ஆனால் பொருளிலேயே ஒரு ஊரும் ஒரு தொழிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2001-ல் நியூயார்க்கின் ஸ்டூடியோ மியூசியம் இன் ஹார்லெமில் கண்காட்சி அமைப்பாளர் தெல்மா கோல்டன் 'ஃப்ரீஸ்டைல்' என்ற கண்காட்சியை நடத்தினார். 28 இளம் கறுப்பினக் கலைஞர்கள். கறுப்பினக் கலைஞர் என்றால் கறுப்பு வாழ்க்கையை உருவமாக வரைந்தே தீர வேண்டும் என்ற எதிர்பார்ப்பிலிருந்து விலகி நின்ற ஒரு தலைமுறையை அது அறிமுகப்படுத்தியது. பிராட்ஃபோர்டின் எண்ட் பேப்பர் படங்கள் அதில் இருந்தன. நாற்பதை நெருங்கும் வயதில் அவருக்குக் கதவு திறந்தது. 2006-ல் நியூயார்க் விட்னி மியூசியம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடத்தும் விட்னி பியென்னியலில் பக்ஸ்பாம் விருது, 2009-ல் மெக்ஆர்தர் ஃபெல்லோஷிப், 2010-ல் ஒஹையோவின் வெக்ஸ்னர் மையத்தில் தொடங்கிப் பல ஊர்களுக்குப் போன பெரிய கண்காட்சி. விருதுப் பட்டியல் இன்னும் நீளும், இதோடு விட்டுவிடுகிறேன்.

சரி, இப்போது போஸ்டர்கள். 1992 ஏப்ரல் 29 அன்று, ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்களை நீதிமன்றம் குற்றவாளிகள் இல்லை என்று விட்டதும் லாஸ் ஏஞ்சலிஸ் பற்றி எரிந்தது. 60 பேருக்கு மேல் செத்தார்கள், தென் லாஸ் ஏஞ்சலிஸில் கடைகள் வரிசையாகச் சாம்பலாயின. எரிந்த மனைகளில் பலவற்றில் யாரும் திரும்பக் கட்டவில்லை. கம்பி வேலியோ ப்ளைவுட் தடுப்போ போட்டு வைத்தார்கள், அந்த வேலிகளில் போஸ்டர்கள் ஏறின. பெரிய கம்பெனி விளம்பரம் எல்லாம் இல்லை. உள்ளூரில் யாரோ அச்சடித்து இரவோடு இரவாக மாட்டிவிட்டுப் போகிற, கண்ணைப் பறிக்கிற நிறத்தில் கொட்டை எழுத்துப் போஸ்டர்கள். உங்கள் வீட்டுக்கு உடனே ரொக்கம். குழந்தை உங்களுடையதா, டிஎன்ஏ பரிசோதனை செய்யலாம். மலிவில் விவாகரத்து. கடன் தீர்க்க உதவி. பிராட்ஃபோர்ட் இவற்றைக் கழற்றி ஸ்டூடியோவுக்குக் கொண்டுவர ஆரம்பித்தார்.

அதில் ஒரு போஸ்டரை மட்டும் கொஞ்சம் நெருக்கமாகப் பார்ப்போம். "சிறையிலிருந்து வரும் அழைப்பை உங்கள் செல்போனிலேயே பெறலாம்" என்கிறது. இந்த வாசகத்தையே அவர் 2013-ல் ஒரு பெரிய படைப்புக்குத் தலைப்பாகவும் வைத்தார். இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அமெரிக்கச் சிறைகளிலிருந்து போன் பண்ணினால் வழக்கமாக அந்தப் பக்கம் எடுக்கிறவர்தான் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது, அந்த முறை ரொம்ப காலம் வீட்டு லேண்ட்லைனுக்குத்தான் வேலை செய்தது. லேண்ட்லைன் வைத்துக்கொள்ள வசதியில்லாத வீட்டுக்கு, உள்ளே இருக்கிற மகனோ கணவனோ கூப்பிட வழியில்லை. அந்த இடுக்கில் ஒரு வியாபாரம் முளைக்கிறது, அதற்கு ஒரு போஸ்டர். ஆக, ஒரு வேலியில் என்ன போஸ்டர் தொங்குகிறது என்பதை வைத்தே அந்தத் தெருவில் வீடு பறிபோகிறவர்கள், சிறைக்குப் போனவர்கள், குழந்தைக்காக வழக்கு நடத்துகிறவர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுவிடலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு இவ்வளவு துல்லியம் கிடையாது. பிராட்ஃபோர்டுக்கு இந்தக் காகிதம் வெறும் நிறமாக மட்டும் தெரியவில்லை, ஆனால் நிறமாகவும் தெரிந்தது, அதுதான் முக்கியம்.

இனி அவர் உண்மையில் கையால் என்ன செய்கிறார் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'ஒட்டுகிறார், தேய்க்கிறார்' என்று ஒரே வரியில் சொன்னால் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றுதான் தோன்றும். காகிதத்தை நனைத்து, பசை போட்டு, கேன்வாஸில் ஒரு அடுக்கு ஒட்டுவார். அதன் மேல் நூலோ கயிறோ ஓடவிடுவார், அல்லது குளியலறை இடுக்கை அடைக்கக் குழாயில் வரும் பசையைக் கோடாகப் பிதுக்குவார். அதற்கு மேல் இன்னொரு அடுக்கு, வேறு நிறம், வேறு போஸ்டர், விளம்பரப் பலகைக் காகிதம், கார்பன் தாள். திரும்பக் கயிறு. திரும்பக் காகிதம். இப்படி ஏற்றிக்கொண்டே போய், காய்ந்து தோல் மாதிரி தடித்த பிறகு, உப்புத்தாள் பூட்டிய மின்சார சாண்டரை எடுத்துத் தேய்க்க ஆரம்பிப்பார். இங்கேதான் வேடிக்கை. கயிறு ஓடுகிற இடத்தில் மேல் அடுக்கு புடைத்துக்கொண்டிருக்கும் இல்லையா, மெஷின் முதலில் அந்தப் புடைப்பைத்தான் தின்னும். அங்கே மேல் காகிதம் போய் உள்ளிருக்கும் நிறம் கோடாக வெளியே வரும். தட்டையான இடத்தில் மேல் நிறம் அப்படியே நிற்கும். சில இடங்களில் தேய்ப்பதற்குப் பதில் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துவிடுவார், மேலே இருக்கிற அத்தனை அடுக்கும் கிழிந்துகொண்டு போகும், வாய்க்கால் வெட்டியது போல ஒரு பள்ளம் மிஞ்சும். சில இடத்தில் ப்ளீச்சை ஊற்றி வெளுக்க வைப்பார், அது சலூன் கை. சாமான்கள் பெரும்பாலும் ஹார்ட்வேர் கடைச் சரக்குதான், ஹோம் டிப்போவில் கிடைக்காத பொருள் எனக்குத் தேவையில்லை என்கிற அர்த்தத்தில் அவரே வேடிக்கையாகச் சொன்னதுண்டு.

இதில் ஒரு ஓவியர் எடுக்க வேண்டிய முடிவு எல்லாமே இருக்கிறது. எந்த நிறத்துக்குக் கீழே எந்த நிறம், கோடு எங்கே போக வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும். ஒரே ஒரு வித்தியாசம், தூரிகைக்காரர் கோடு போடும்போதே அதைப் பார்த்துவிடுவார், இவர் இன்று போடும் கோடு வாரக்கணக்கில் உள்ளேயே புதைந்திருந்து, கடைசியில் தேய்க்கும்போதுதான் முகம் காட்டும். அரைகுறையாகத்தான் கட்டுப்பாடு. அதனால்தான் இதை ஓவியம் என்கிறார்கள், என்னைக் கேட்டால் சரியாகத்தான் சொல்கிறார்கள். பெயின்ட் என்பதும் ஒரு பொடி நிறமும் அதை ஒட்ட வைக்கிற பசையும்தானே. இவருடைய நிறம் காகிதத்தில் அச்சு மையாகக் கடையிலிருந்தே வந்துவிடுகிறது.

அவருடைய பெரிய படம் ஒன்றின் முன்னால் நான் முதல் தடவை நின்றபோது செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் சொல்வது போல் பத்தடி தள்ளி நின்று 'ஆகாயத்திலிருந்து பார்த்த நகரம்' என்று நானும் மனதுக்குள் தலைப்பு வைத்துவிட்டு நகரப் பார்த்தேன். காவலாளி வேறு பக்கம் திரும்பியிருந்த தைரியத்தில் கொஞ்சம் பக்கத்தில் போனேன். வரைபடம் காணாமல் போனது. அங்கே ஓரம் பஞ்சு பஞ்சாகப் பிய்ந்த காகித நார்கள், ஒரு எழுத்தின் பாதி வளைவு, தொலைபேசி எண்ணில் மிஞ்சிய இரண்டு இலக்கங்கள், அதற்குப் பக்கத்தில் கயிறு போன தடம், நகத்தால் கீறினது போல. அந்த எண்ணுக்கு யாரோ போன் பண்ணியிருப்பார்கள் என்று தோன்றியதும் அங்கேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். ஆக, இவருடைய படத்தைப் பத்தடியிலும் பாருங்கள், ஒரு முழத்திலும் பாருங்கள். அச்சில் அல்லது திரையில் பார்த்தால் இரண்டாவது கிடைக்கவே கிடைக்காது, உங்கள் கேள்விக்கே அதுதான் பாதிக் காரணமாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன்.

போஸ்டரைக் கிழித்துக் கலையாக்கியதில் இவர் முதல் ஆள் இல்லை, அதையும் சொல்லவேண்டும். பாரிஸில் 1949-லேயே ழாக் வில்லெக்லேயும் ரேமோன் ஹேன்ஸும் தெருச் சுவரில் பலரும் கிழித்துப்போட்ட போஸ்டர்களை அப்படியே உரித்துக்கொண்டு வந்து மாட்டினார்கள். அவர்களுக்குத் தெரு ஏற்கெனவே செய்து வைத்த படம் போதும். பிராட்ஃபோர்ட் தெருவிலிருந்து பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறார், சுவரை ஸ்டூடியோவில் தானே கட்டி, தானே இடிக்கிறார். அமெரிக்க அரூப ஓவியத்திலும் அவருக்கு முன்னோர் உண்டு. நார்மன் லூயிஸ், சாம் கில்லியம், ஜாக் விட்டன். கறுப்பினக் கலைஞர்கள் அரூபமாக வரைந்ததை வெள்ளையர் கலையுலகம், கறுப்பினக் கலையுலகம் என இரண்டு தரப்பும் கண்டுகொள்ளாத காலத்தில் விடாமல் வேலை செய்தவர்கள் இவர்கள். பிராட்ஃபோர்டுக்குத் திறந்த கதவை இவர்கள் பல வருஷம் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அரூபம் என்பதற்கு வருகிறேன். 1950-களின் நியூயார்க் ஓவியர்கள், பொல்லாக், ரோத்கோ, கிளிஃபர்ட் ஸ்டில் வகையறா, பெரிய கேன்வாஸில் தங்கள் உள்மனதைக் கொட்டினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படுகிற கதை. அதே காலத்தில், 1955-ல்தான் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை அடித்துக் கொன்று ஆற்றில் போட்டார்கள். பிராட்ஃபோர்ட் அந்தக் காலத்து ஓவியத்தைப் பற்றிப் பேசும்போது இந்தப் பெயரையும் பக்கத்தில் வைத்துப் பேசியிருக்கிறார். அந்தப் பெரிய கேன்வாஸ் தனக்கும் வேண்டும், ஆனால் வெளியே நடப்பது உள்ளே வந்தாக வேண்டும், இதுதான் அவர் கணக்கு. தன் வேலைக்குச் 'சமூக அரூபம்' என்று அவரே பெயர் வைத்துக்கொண்டார். பெயர் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஏதோ அரசுத் திட்டத்தின் பெயர் மாதிரி இருக்கிறது, ஆனால் சொல்ல வருவது சரி.

'ஸ்கார்ச்ட் எர்த்' என்று 2006-ல் ஒரு படம் செய்தார். 1921-ல் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் கறுப்பினத்தவர் செழிப்பாக வாழ்ந்த கிரீன்வுட் பகுதியை வெள்ளைக்கும்பல் இரண்டே நாளில் எரித்து அழித்தது, சுமார் 35 தெருச்சதுக்கங்கள் சாம்பலாயின. அந்தப் படம் அதைக் குறிக்கிறது. ஆனால் படத்தில் தீ இல்லை, ஆள் இல்லை. கருகிய கட்டங்கள் இருக்கின்றன. இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு: தலைப்பையும் பக்கத்து அட்டையையும் எடுத்துவிட்டால் இது டல்சா என்று யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. சில படங்களில் தலைப்புதான் பாதிப் பாரத்தைச் சுமக்கிறது என்பதை அவருடைய ரசிகனாக இருந்தும் ஒத்துக்கொள்கிறேன். எங்கே பொருளும் செய்முறையும் தானே பேசுகின்றனவோ அங்கேதான் அவர் பெரிய கலைஞர்.

அப்படிப் பேசுகிற ஒன்றுதான் நான் முன்னால் சொன்ன சுவர். 2015-ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஹேமர் மியூசியத்தின் நுழைவுக்கூடச் சுவரில் 'ஃபைண்டிங் பேரி' என்று ஒன்று செய்தார். அந்தச் சுவரில் ஒவ்வொரு கண்காட்சிக்கும் ஒரு கலைஞர் படம் வரைவார், முடிந்ததும் அதன் மேல் வெள்ளையடித்து அடுத்தவர் வரைவார். பிராட்ஃபோர்ட் புதிதாக எதையும் அதன் மேல் வரையவில்லை. சுவரைச் சுரண்டினார். அமெரிக்க வரைபடத்தைச் சுரண்டி எடுத்து, மாநிலத்துக்கு மாநிலம் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை பேருக்கு எய்ட்ஸ் கண்டறியப்பட்டது என்ற 2009-ம் ஆண்டு எண்ணைக் குழியாகப் பொறித்தார். சுரண்டச் சுரண்ட உள்ளே பழைய கலைஞர்களின் நிறங்கள் வந்தன. பேரி என்பது அப்படி அடியில் இருந்த படத்தை வரைந்த கலைஞர் பேரி மக்கீ. வெள்ளையடித்து மூடின சுவர், மூடின நோய், அடியில் இன்னும் உயிரோடிருக்கிற நிறம். இதற்கு அட்டையில் விளக்கம் எழுதத் தேவையே இல்லை. எண்பதுகளில் நண்பர்களைப் பறிகொடுத்த ஆள் செய்தது என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.

2017 அவருக்கு உச்சம். நாடுகள் தனித்தனி அரங்கு அமைக்கும் கலைத்திருவிழாவான வெனிஸ் பியென்னாலேயில் அமெரிக்க அரங்கு அவருக்குக் கிடைத்தது. 1930-ல் கட்டிய அந்தக் கட்டடம் தூணும் குவிமாடமுமாக இருக்கும், அடிமைகளை வைத்திருந்த அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ மாளிகை ஜாடை அதற்கு உண்டு. பிராட்ஃபோர்ட் முன்வாசலை விட்டுவிட்டுப் பார்வையாளர்களைப் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே அனுப்பினார். நுழைந்ததும் 'ஸ்பாயில்ட் ஃபுட்' (கெட்டுப்போன பாதம்), மேற்கூரையிலிருந்து பிதுங்கித் தொங்கிய ஒரு பெரும் பொதி, அறை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. சுவரோரமாக ஒண்டிக்கொண்டுதான் கடக்க முடிந்தது. அமெரிக்காவின் அதிகாரபூர்வ அரங்கில் வருகிறவர் போகிறவர் எல்லோரையும் ஓரமாக நடக்க வைத்ததில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி உண்டு. அதே நேரத்தில் வெனிஸில் சிறைவாசிகளுக்கு வேலை கொடுக்கிற ரியோ தெரா தெய் பென்சியேரி என்ற கூட்டுறவு அமைப்போடு ஆறு வருஷத் திட்டம் ஒன்றையும் தொடங்கினார்.

அந்த ஆண்டு நவம்பரில் வாஷிங்டனின் ஹிர்ஷ்ஹார்ன் மியூசியத்தில் 'பிக்கெட்'ஸ் சார்ஜ்'. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863 ஜூலை 3 அன்று கெட்டிஸ்பர்கில் அடிமைமுறையைக் காக்க நின்ற தெற்குப்படை நடத்திய கடைசித் தாக்குதலின் பெயர் அது, தோற்றுப்போன தாக்குதல். அந்தப் போரை 1880-களில் போல் ஃபிலிப்போட்டோ என்ற பிரெஞ்சு ஓவியர், நடுவில் நின்று சுற்றிப் பார்க்கும்படி வட்டமாக ஒரு பிரம்மாண்டப் படமாக வரைந்தார், கெட்டிஸ்பர்கில் இன்னும் இருக்கிறது. பிராட்ஃபோர்ட் அதன் படங்களை இணையத்திலிருந்து இறக்கி, விளம்பரப் பலகை அளவுக்குப் பெரிதாக்கி அச்சடித்து, அதையும் மற்ற காகிதங்களையும் கயிறுகளோடு அடுக்கி ஒட்டி, பிறகு கிழித்தார். எட்டுப் படங்கள், சேர்த்து வைத்தால் கிட்டத்தட்ட 400 அடி நீளம். ஹிர்ஷ்ஹார்ன் கட்டடமே வட்டம் என்பதால் நடந்துகொண்டே பார்க்க முடிந்தது. நீண்ட கிடைக்கோட்டுக் கிழிசல்களுக்கு நடுவே திடீரென்று ஒரு குதிரையின் கால், கொஞ்சம் புகை, ஒரு மரம், அப்புறம் மறுபடி நார் நாராகக் காகிதம். சில மாதங்களுக்கு முன்புதான் சார்லட்ஸ்வில்லில் தெற்குப்படைத் தளபதியின் சிலையை எடுப்பதைச் சாக்காக வைத்து வெள்ளை இனவெறியர்கள் ஊர்வலம் போய் ஒரு பெண் கொல்லப்பட்டிருந்தார். சிலையை வைத்துக்கொள்வதா உடைப்பதா என்று நாடு சண்டை போட்டுக்கொண்டிருக்கையில், பழைய போர்ப்படத்தைக் கிழித்துப் போட்டும், துண்டுகளை அங்கேயே விட்டும் வைத்த ஒரு வேலை.

காசு விஷயத்தையும் கேட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். 2007-ல் அவர் செய்த 'ஹெல்டர் ஸ்கெல்டர் 1' சுமார் 34 அடி நீளமுள்ள படம். டென்னிஸ் வீரர் ஜான் மெக்கன்ரோவிடம் இருந்தது. 2018 மார்ச்சில் லண்டன் ஃபிலிப்ஸ் ஏலத்தில் கிட்டத்தட்ட 1.2 கோடி டாலருக்குப் போனது, வாங்கியது லாஸ் ஏஞ்சலிஸின் ப்ராட் மியூசியம். உயிரோடிருக்கிற ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைஞர் ஒருவருக்கு அன்றைக்கு அதுதான் அதிகபட்ச ஏலவிலை, இரண்டே மாதத்தில் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷலின் படம் அதைத் தாண்டி 2.1 கோடிக்கு விற்றது. அந்த ஏலப் பணம் போவது படத்தை விற்கிறவருக்கும் ஏலக்கடைக்கும்தான், வரைந்தவருக்கு இல்லை. விலையை வைத்துப் படத்தை எடைபோடுவதை நான் விட்டு ரொம்ப நாளாகிறது, அதனால் 1.2 கோடி பெறுமா என்றால் என்னிடம் பதில் கிடையாது. தன் பங்குக்கு வந்த பணத்தில் அவர் என்ன செய்தார் என்று சொல்ல முடியும். 2014-ல் அதே லைமர்ட் பார்க்கில், துணைவர் ஆலன் டிகாஸ்ட்ரோவோடும், ஆரம்பத்திலேயே அவர் படங்களை வாங்கிய சேகரிப்பாளர் ஐலீன் ஹாரிஸ் நார்ட்டனோடும் சேர்ந்து 'ஆர்ட் + பிராக்டிஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அரசுப் பராமரிப்பில் வளர்ந்து, வயது வந்ததும் வெளியே விடப்படுகிற இளைஞர்களுக்கு வேலை, தங்குமிடம் போன்றவற்றில் உதவுவதும், அந்தப் பகுதியிலேயே இலவசமாகக் கண்காட்சி நடத்துவதும் அதன் வேலை.

குறையும் சொல்ல வேண்டும். 2010-க்குப் பிறகு எல்லாமே பெரிதாகிக்கொண்டே போனது. லண்டன் அமெரிக்கத் தூதரகத்துக்கு அரசியல் சாசன வாசகத்தை வைத்து 32 பலகைகள், விமான நிலையத்துக்கு ஒன்று, இன்னும் பல. சிலவற்றைப் பார்க்கும்போது சாண்டர் தன் பாட்டுக்கு ஓடுகிறது, கைக்கு இப்போது தெரிந்த வித்தை ஆகிவிட்டது என்று படுகிறது. முழு வாழ்க்கை வேலையிலும் எனக்கு ரொம்பப் பிடித்தவை இன்னும் அந்த ஆரம்பகால எண்ட் பேப்பர் படங்கள்தான். அவற்றில் சத்தம் குறைவு. ஒரு தாள் இன்னொரு தாளின் மேல் ஏறுகிற இடத்தில் நிறம் ஒரு இழை கூடுகிறது, கருகின ஓரம் நேர்கோடாக இல்லாமல் லேசாக அலைகிறது, நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்த ஒருவரின் கைக்கணக்கு அதில் தெரிகிறது. இதில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் நிறைய உண்டு, வெனிஸ் வேலைதான் பெரிது என்பார்கள்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்று கேட்டால், ஓவியத்தை விட்டுவிட்டு 2003-ல் அவர் எடுத்த 'பிராக்டிஸ்' என்ற சின்ன வீடியோவைச் சொல்வேன், சில நிமிடங்கள்தான். பிராட்ஃபோர்ட் ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம். அந்த உயரத்துக்கு, அதுவும் கறுப்பினத்தவர் என்றால், வாழ்நாள் முழுக்க எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி நீங்கள் பாஸ்கெட்பால் ஆடுவீர்களா என்பதுதான். வீடியோவில் ஆடுகிறார். மேலே லாஸ் ஏஞ்சலிஸின் பாஸ்கெட்பால் அணியான லேக்கர்ஸின் சட்டை, இடுப்புக்குக் கீழே அதே மஞ்சளும் ஊதாவுமாக, அடிமைமுறைக் காலத்துச் சீமாட்டிகள் அணிந்தது போல வளையம் வைத்து விரிந்த ஒரு பெரிய பாவாடை. காற்று வேறு பலமாக அடிக்கிறது. பாவாடை காற்றில் உப்பி ஒரு பக்கம் இழுக்கிறது, காலில் சிக்குகிறது, ஆள் தடுக்கி விழுகிறார். எழுந்து பந்தைத் தட்டிக்கொண்டு போகிறார், மறுபடி விழுகிறார். கடைசியில் எறிகிறார், பந்து கூடைக்குள் போகிறது.